‘பிறவியிலேயே’ என்னும் ஒரு சொல்: இந்தியக் கணக்கெடுப்பும் முதுமையில் குன்றும் செவித்திறனும்

1891ஆம் ஆண்டு பிரித்தானிய இந்தியாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீடுவீடாகச் சென்ற கணக்கெடுப்பாளரின் படிவத்தில் உடற்குறைகளுக்கென்று ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருந்தது. மனநோய், இரு கண்களிலும் பார்வையின்மை, தொழுநோய், கேளாமையோடு கூடிய பேசாமை ஆகிய நான்கை மட்டுமே அதில் குறிக்கலாம். இறுதியில் சொல்லப்பட்டதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. அக்குறை பிறவியிலேயே அமைந்ததாக இருத்தல் வேண்டும். அறுபது வயதைக் கடந்து, சிறிது சிறிதாகச் செவி மங்கிப்போன ஒரு மூதாட்டி அவ்வீட்டில் இருந்தாலும், அவரைப் பற்றி அந்தப் பத்தியில் எழுதுவதற்கு விதிப்படி எதுவுமில்லை.

அதே 1891இல் நெதர்லாந்து நாட்டு உடலியலாளர் ஹென்ட்ரிக் ஸ்வார்டெமேக்கர் ஒரு கட்டுரை வெளியிட்டார். வயது ஏற ஏற, மனிதச் செவி உணரக்கூடிய உயர்சுருதி ஒலிகளின் எல்லை சீராகக் கீழிறங்குகிறது என்பதை ஒரு புதிய விதியாகவே அவர் அதில் முன்வைத்தார். ஐரோப்பிய உடலியல் முதுமையின் செவித்திறன் இழப்பை விதியாக்கிய அதே ஆண்டில், இந்திய ஆட்சியியல் அதனைக் கணக்கிலிருந்து விலக்கிவைத்தது. இந்த விலக்கல் எங்கிருந்து வந்தது, எத்தனை வடிவங்களில் தொடர்ந்தது, அதன் சுமை யார் மேல் இறங்கியது என்பவை இந்திய மருத்துவ வரலாற்றில் போதிய கவனம் பெறாத வினாக்கள்.

மொழிகள் அறிந்திருந்த வேறுபாடு

இந்திய மொழிகளைப் பேசியோர் இருவகைக் கேளாமையையும் பிரித்தே அறிந்திருந்தனர். சமஸ்கிருத ‘பதிர’ என்பதிலிருந்து இந்தியில் ‘பஹரா’ என்னும் சொல் வந்தது. அது முழுமையான கேளாமையைச் சுட்டும். ஆனால் செவி மங்கிய முதியவரைக் குறிக்க இந்தி பேசுவோர் பெரும்பாலும் அச்சொல்லை ஆள்வதில்லை. அவர் ‘ஊஞ்சா சுன்தே ஹைன்’ என்பர். சொல்லுக்குச் சொல் கொண்டால் ‘உயரமாகக் கேட்கிறார்’ என்றாகும். உரக்கச் சொன்னால்தான் அவருக்குக் கேட்கும் என்பது பொருள். வங்காளியும் மராத்தியும் ‘குறைவாகக் கேட்பது’ என்னும் தொடரால் இதே வேறுபாட்டைக் காட்டுகின்றன. திராவிட மொழிகளில் தமிழின் செவிடு, கன்னடத்தின் கிவுடு, தெலுங்கின் செவுடு ஆகியன செவியைக் குறிக்கும் சொல்லையே அடியாகக் கொண்டவை. எனினும் வயதானவரைப் பற்றிப் பேசும்போது தமிழர் ‘காது மந்தம்’ என்றே சொல்வர்.

முதல்வகைச் சொற்கள் ஒருவரை ஒரு வகையினராக்குகின்றன. இரண்டாம் வகைத் தொடர்கள் ஒரு நிலையை மட்டும் கூறுகின்றன. பின்னவற்றில் மரியாதை உண்டு, மென்மை உண்டு. கூடவே ஓர் ஒப்புதலும் உண்டு: இது நோயன்று, வயது. வழக்கிலிருந்த இந்த ஒப்புதலே பின்னர் ஆட்சிமொழியிலும் சட்டமொழியிலும் வேறு உருவங்களில் வெளிப்பட்டது.

மருத்துவ நூல்களின் நிலையும் இதற்கு அயலானதன்று. சுசுருத சங்கிதை செவிநோய்களை 28 எனப் பகுத்து, கேளாமையையும் காதிரைச்சலையும் தனித்தனியே விளக்குகிறது. ஒலியைக் கொண்டுசெல்லும் வழியில் வாதம் தனித்தோ கபத்தோடு கூடியோ தடையாக நிற்பதே கேளாமைக்குக் காரணம் என்பது அதன் கொள்கை. பிற்கால ஆயுர்வேதத் தொகைநூல் மரபு, முதியோரிடம் தோன்றும் கேளாமையை மருத்துவத்துக்கு அடங்காதவற்றுள் வைத்தது. நோயாக அறியப்பட்டும், மருத்துவனின் பொறுப்பிலிருந்து அது விலக்கப்பட்டது.

சொத்துரிமையும் ‘பிறவி’யும்

‘பிறவியிலேயே’ என்னும் நிபந்தனை கணக்கெடுப்பு அதிகாரிகளின் கண்டுபிடிப்பன்று. சொத்துரிமையிலிருந்து விலக்கப்படுவோரைப் பட்டியலிடும் மனுஸ்மிருதியும் பார்வையின்மையையும் கேளாமையையும் பிறப்பைக் குறிக்கும் சொல்லோடு சேர்த்தே கூறுகிறது. பிரித்தானிய இந்திய நீதிமன்றங்கள் இந்துச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியபோது இந்த வரையறை மேலும் இறுகியது. கேளாமையைக் காரணம் காட்டி ஒருவரின் பங்கை மறுக்க வேண்டுமானால், அது பிறவியில் அமைந்ததும் தீர்க்கவியலாததுமாக இருத்தல் வேண்டும் என்பது ஏற்கப்பட்ட நெறியாயிற்று.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். முதுமையில் செவித்திறன் இழந்தோருக்கு இந்த வரையறை பாதுகாப்பாகவே அமைந்தது. செவி மங்கிய தந்தையை அதனைக் காரணம் காட்டிப் பங்கிலிருந்து நீக்க மகன்களால் இயலவில்லை. அக்காலத்தில் கணக்கில் சேராதிருப்பதே நன்மையாயிற்று. பிறவியிலேயே கேளாதோர் மீதான இந்தத் தடையை 1928ஆம் ஆண்டின் இந்து மரபுரிமைத் தகுதியின்மை நீக்கச் சட்டம், தாயபாக மரபினர் நீங்கலாக, அகற்றியது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் நோய், குறை, ஊனம் எதுவும் மரபுரிமைக்குத் தடையன்று என்று முழுமையாக்கியது. தடை நீங்கியது, ஆயினும் கேளாமை என்றால் பிறவிக் கேளாமையே என்னும் எண்ணப்பழக்கம் நிறுவனங்களில் தங்கிவிட்டது. உரிமையைப் பறிக்கும் பட்டியலில் இடம்பெறாதது நன்மை. உதவி வழங்கும் பட்டியலிலும் இடம்பெறாதபோது அதுவே இழப்பாக மாறியது.

கணக்கெடுப்பின் ‘பிழை’

1881 முதல் 1931 வரை பத்தாண்டுக்கொரு முறை உடற்குறைகள் கணக்கெடுக்கப்பட்டன. கேளாத-பேசாதோர் என்னும் தலைப்பின்கீழ் 1891இல் ஏறத்தாழ 2 லட்சம் பேரும், 1901இல் ஏறத்தாழ 1.5 லட்சம் பேரும், 1911இல் மீண்டும் ஏறத்தாழ 2 லட்சம் பேரும் பதிவாயினர். இந்த ஏற்ற இறக்கத்தைப் பஞ்சங்களால் மட்டும் விளக்கிவிட முடியாது. கணக்கெடுப்பாளர்கள் அறிவுறுத்தலை எவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்றினர் என்பதும் எண்களை மாற்றியது.

அதிகாரிகள் இதனை அறியக் கையாண்ட வழி எளிமையானது. பிறவிக் குறை வயதோடு கூடக் காரணமில்லை. அக்குறையுடையோரின் இறப்பு விகிதம் மிகுதி என்று கொண்டால், மூத்த வயதுப் பிரிவுகளில் அவர்களது விகிதம் குறைந்துகொண்டே செல்ல வேண்டும். ஆனால் அட்டவணைகளில் 60 வயதுக்கு மேற்பட்டோரிடையே விகிதம் மறுபடியும் உயர்ந்து காணப்பட்டது. முதுமையால் கேள்வித்திறன் குன்றியோரைக் கணக்கெடுப்பாளர்கள் தவறுதலாகச் சேர்த்துவிட்டனர் என்பதே அறிக்கைகள் இதற்குத் திரும்பத் திரும்பக் கூறிய விளக்கம். அந்த உயர்வு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குக் கணக்கெடுப்பு துல்லியமானது என்று மதிக்கப்பட்டது.

அக்காலத்தின் எண்ணிக்கை இதற்கு ஓரளவு சமாதானம் சொல்லலாம். 20ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பிறப்பின்போதான சராசரி ஆயுள் 25 ஆண்டுகளுக்கும் குறைவு. பெரியம்மையும் காலராவும் பிளேக்கும் மக்களைக் கொண்டுபோன காலத்தில், முதியோரின் செவி அரசின் கவலையாக இராததில் வியப்பில்லை. தொண்டு முயற்சிகளும் குழந்தைகளையே நோக்கின. 1880களில் மும்பையிலும் 1893இல் கொல்கத்தாவிலும் தொடங்கப்பட்ட பள்ளிகள் கேளாத சிறாருக்குக் கல்வி தரும் பெரும்பணியை மேற்கொண்டன. கேளாமை கல்வியின் சிக்கலாகக் கருதப்பட்டதால், கல்விப் பருவத்தைக் கடந்தவர் அதன் எல்லைக்குள் வரவில்லை.

விசிலும் மயிர்ச்செல்லும்

முதுமைச் செவியின் அறிவியல் வேறிடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. பிரான்சிஸ் கால்டன் 1876இல் அமைத்த சிறு விசில் மிக உயர்ந்த சுருதிகளை எழுப்ப வல்லது. இளையோர் தெளிவாகக் கேட்கும் கீச்சொலி முதியோருக்குக் கேட்பதே இல்லை என்பதை அவர் கண்டார். அமெரிக்கச் செவி மருத்துவர் ரூசா 1885இல் இந்நிலைக்கு ‘பிரஸ்பிகூசிஸ்’ என்று பெயரிட்டார். ‘முதியவரின் கேட்டல்’ என்பது அக்கிரேக்க ஆக்கத்தின் பொருள். கால்டன் விசிலைக் கொண்டே ஸ்வார்டெமேக்கர் தம் அளவீடுகளைச் செய்தார்.

உட்செவியின் நத்தைவடிவக் குழலான காக்ளியாவில், ஒலியதிர்வை நரம்புக் குறிப்பாக மாற்றும் மயிர்ச்செல்கள் வரிசையாக அமைந்துள்ளன. உயர் அதிர்வெண்களை உணர்பவை குழலின் அடிப்பகுதியில் உள்ளன. முதலில் நலிவனவும் அவையே. மனிதரிடம் ஒருமுறை அழிந்த மயிர்ச்செல் மீண்டும் வளர்வதில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹரால்டு ஷுக்னெக்ட், இறந்தோரின் உட்செவிகளை ஆராய்ந்து, மயிர்ச்செல்லின் சிதைவு, நரம்பின் சிதைவு, காக்ளியாவுக்கு ஆற்றல் தரும் திசுவின் நலிவு, சவ்வின் விறைப்பு என நால்வகைகளைப் பிரித்துக் காட்டினார்.

ஆகவே முதியவர் இழப்பது ஒலியின் அளவை மட்டுமன்று, அதன் தெளிவையும்தான். உயிரொலிகளின் ஆற்றல் தாழ்ந்த அதிர்வெண்களில் செறிந்துள்ளது. ச, ஷ, ஸ போன்ற உரசொலிகளும் வல்லின வெடிப்புகளும் உயர் அதிர்வெண்களைச் சார்ந்தவை. ‘பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறீர்கள் என்பது விளங்கவில்லை’ என்னும் முதியோரின் முறையீடு, ஒலியியல் நோக்கில் மிகச் சரியான விவரணை. மயிர்ச்செல்கள் நலிந்த செவியில் மற்றொரு விளைவும் உண்டு. மெல்லொலி கேட்காது, ஆனால் ஒலி சற்றே கூடினால் அது தாங்கவியலாத இரைச்சலாகிவிடும். ‘கேட்கவில்லை’ என்று சொன்ன பெரியவர் உரக்கச் சொன்னவுடன் ‘ஏன் கத்துகிறாய்’ என்று சினப்பதை வீட்டார் பிடிவாதம் என்று கொள்வர். அது செவியின் இயல்பு.

இந்த இழப்பு முழுவதும் வயதின் விளைவுதானா? 1962இல் சாமுவேல் ரோசனும் உடனாய்வாளரும் இரைச்சல் அரிதான சூழலில் வாழ்ந்த சூடானின் மபான் மக்களை ஆராய்ந்து, அங்கு முதியோரின் செவி தொழில்நகர முதியோரின் செவியினும் மிகக் கூர்மையாக இருப்பதாக வெளியிட்டனர். வயதைத் துல்லியமாக அறிய முடியாமை முதலிய குறைகள் அவ்வாய்வுக்கு உண்டு. எனினும் இரைச்சல், இதயநாள நலம், மரபணு, நஞ்சாகும் மருந்துகள் ஆகியன வயதோடு சேர்ந்தே செவியை நலிவிக்கின்றன என்னும் புரிதலுக்கு அது வழிதிறந்தது. ‘வயதுதானே’ என்னும் ஒற்றை விளக்கத்துக்கு அன்றே இடமில்லாமற் போயிருக்க வேண்டும்.

நிறுவனங்களும் 60 டெசிபெல்லும்

விடுதலைக்குப் பின் செவியியல் இந்தியாவில் தனித்துறையாக வேரூன்றியது. 1965இல் மைசூரில் தொடங்கப்பட்ட நிறுவனம் அடுத்த ஆண்டு அகில இந்தியப் பேச்சு செவி நிறுவனம் என்று பெயர்பெற்றது. மும்பை நாயர் மருத்துவமனையில் 1966இல் பட்டப்படிப்பு தொடங்கியது. 1983இல் மும்பை பாந்திராவில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் உருவாயிற்று. 1970களில் தமிழ், இந்தி முதலிய மொழிகளில் பேச்சுணர்வைச் சோதிக்கும் சொற்பட்டியல்கள் ஆக்கப்பட்டன; உயர் அதிர்வெண் ஒலிகள் மிகுந்த தனிப்பட்டியல்களும் பின்னர் வந்தன. ஆங்கிலச் சொற்களைக் கொண்டு இந்திய முதியவரின் செவியை அளக்க முடியாது என்னும் தெளிவு அத்துறையினருக்குத் தொடக்கத்திலேயே இருந்தது.

அரசின் கணக்கோ வேறு வழியில் சென்றது. 1941இல் உடற்குறைக் கேள்விகள் கைவிடப்பட்டன. 1981இல் அவை ஒரு முறை திரும்பியபோது முழுப் பார்வையின்மையும் முழு நடமாட்டமின்மையும் முழுப் பேச்சின்மையும் கேட்கப்பட்டன, கேளாமை கேட்கப்படவேயில்லை. 2001இல் அது இடம்பெற்றபோது, செவிக்கருவியின் துணையால் கேட்பவர் குறையுடையவராகக் கொள்ளப்படவில்லை. 2011இல் இவ்விதி மாற்றப்பட்டு, கருவி அணிவோரும் சேர்க்கப்பட்டனர். செவித்திறன் குறையுடையோர் எண்ணிக்கை 2001இல் ஏறத்தாழ 12.6 லட்சம், 2011இல் ஏறத்தாழ 50.7 லட்சம். பத்தே ஆண்டுகளில் ஒரு நாட்டின் செவி நான்கு மடங்கு கெட்டுவிடாது. மாறியது கேள்வியும் அதனைக் கேட்ட முறையுமே. இடையில் நடந்த தேசிய மாதிரி ஆய்வுகள் குறைக்கான காரணத்தையும் வினவியபோது, முதுமை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகப் பதிவாயிற்று.

சட்டத்தில் ‘பிறவி’ என்னும் சொல் மறைந்தது. அதன் இடத்தில் ஓர் எண் வந்தமர்ந்தது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், நன்கு கேட்கும் செவியில் உரையாடல் அதிர்வெண்களில் 60 டெசிபெல்லோ அதற்கு மேலோ இழப்பு இருந்தால் மட்டுமே அதனைச் செவித்திறன் குறை என ஏற்றது. 2016ஆம் ஆண்டின் சட்டம் இரு செவிகளிலும் 60 முதல் 70 டெசிபெல் வரை இழந்தோரைக் கேள்வித்திறன் குன்றியோர் என்றும், 70க்கு மேல் இழந்தோரைக் கேளாதோர் என்றும் வகுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கையோ, நன்கு கேட்கும் செவியில் 35 டெசிபெல்லுக்கு மேற்பட்ட இழப்பையே வாழ்வைப் பாதிக்கும் இழப்பாகக் கொள்கிறது. அவ்வளவில், 60 வயதுக்கு மேற்பட்டோரில் நால்வருள் ஒருவருக்கு மேல் பாதிக்கப்பட்டுள்ளனர் என்கிறது. முதுமையில் செவி குன்றியோரில் மிகப் பலர் 35க்கும் 60க்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கின்றனர். குடும்பத்தின் உரையாடலிலிருந்து அவர்கள் விலகிவிட்டனர். சட்டத்தின் வரையறைக்கோ இன்னும் வந்துசேரவில்லை.

2007இல் 25 மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கிய தேசியக் கேளாமைத் தடுப்புத் திட்டம் எல்லா வயதினருக்கும் மறுவாழ்வு என்பதைக் குறிக்கோளாகச் சொன்னது. ஆயினும் அதன் முதற்குறிக்கோள் நோயாலும் காயத்தாலும் வரும் தவிர்க்கத்தக்க இழப்பைத் தடுப்பது. முதுமை இவ்விரண்டனுள் எதிலும் அடங்குவதன்று. 2017இல் நெல்லூரில் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டமே, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள மூத்த குடிமக்களுக்கு ஊன்றுகோல், மூக்குக்கண்ணாடி, பல்செட்டு ஆகியவற்றோடு செவிக்கருவியையும் வழங்கியது. முதுமை என்பதையே தகுதியாகக் கொண்டு செவியை நோக்கிய முயற்சி என்ற வகையில் இது ஒரு திருப்பம். ஆனால் செவிக்கருவி ஊன்றுகோலைப் போன்றதன்று. அளந்து பொருத்தி, பழக்கி, மறுபடி சரிசெய்யாவிட்டால் முன்சொன்ன இரைச்சலே மிஞ்சும். ‘காது மெஷின்’ பெட்டியிலேயே உறங்கும்.

கணக்கில் வராததன் விலை

செவித்திறன் இழப்பு செவியோடு நிற்பதில்லை என்பதற்கான சான்றுகள் கடந்த நாற்பதாண்டுகளில் குவிந்துள்ளன. 1980இல் பிரித்தானியாவில் வீட்டில் வாழும் முதியோரிடம் நடந்த ஆய்வொன்று கேளாமைக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. 2011இல் பிராங்க் லின் குழுவினர், பால்டிமோரில் 639 பேரை ஏறத்தாழ 12 ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவுகளை வெளியிட்டனர். இயல்பான செவியினரோடு ஒப்பிட, சிறிய இழப்புடையோருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் வரும் இடர் ஏறத்தாழ இரு மடங்கு, நடுத்தர இழப்புடையோருக்கு மும்மடங்கு, கடும் இழப்புடையோருக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கண்டனர். அடுத்த ஆண்டு வந்த ஆய்வு, செவித்திறன் குறையக் குறையக் கீழே விழும் இடரும் கூடுவதைக் காட்டியது. தவிர்க்கத்தக்க காரணங்களைத் தொகுத்த லான்செட் குழு, உலகில் மறதிநோய்ச் சுமையில் செவித்திறன் இழப்பின் பங்கை 2017இல் 9 விழுக்காடு என்றும், 2024இல் 7 விழுக்காடு என்றும் மதிப்பிட்டது.

தொடர்பு காரணமாகிவிடாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மங்கிய ஒலியைப் புரிந்துகொள்வதிலேயே மூளையின் ஆற்றல் செலவாகிறது என்பது ஒரு விளக்கம். தனிமை அறிவைத் தேய்க்கிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பொதுவான நாளநோய் ஒன்று அடியில் இருக்கலாம் என்பது மூன்றாவது. 2023இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரில் ஒரு பகுதியினருக்குச் செவிக்கருவி தந்து மூன்றாண்டுகள் கண்காணித்தனர். மொத்தத்தில் அறிவுத்திறன் சரிவில் வேறுபாடு தென்படவில்லை. ஆனால் இதயநாள இடர் முதலியன மிகுந்த பிரிவினரிடம் மட்டும் சரிவின் வேகம் 48 விழுக்காடு குறைந்தது. செவிக்கருவி மறதிநோய்க்கு மருந்து என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது; பயனற்றது என்றும் ஒதுக்கிவிட முடியாது.

இந்தியச் சூழலில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1990களில் ஹரியானாவின் பல்லப்கரில், எழுதப் படிக்க அறியாத முதியோருக்கென அறிவுத்திறன் சோதனை ஒன்று இந்தியில் வடிவமைக்கப்பட்டது. எழுத்தைச் சாராமை அதன் பெருஞ்சிறப்பு. ஆனால் எழுத்தைச் சாராத சோதனை காதையே சார்ந்து நிற்கிறது. சொன்ன பொருள்களின் பெயர்களைத் திரும்பச் சொல்லாத முதியவர் அவற்றை மறந்தாரா, முதலிலேயே சரியாகக் கேட்கவில்லையா என்று பிரித்தறியாவிட்டால், செவியின் குறை அறிவின் குறையாகப் பதிவாகும். மருத்துவர் சொன்ன மருந்தளவைத் தவறாகக் கேட்டுத் தலையசைத்து வருபவரிடமும் இதே குழப்பம் நேர்கிறது. ‘பெரியவருக்கு நினைவு போய்விட்டது’ என்னும் முடிவுக்கு வீட்டார் வருவதற்கு முன் செவியை அளந்து பார்க்கும் வழக்கம் இன்றும் பரவலாகவில்லை.

2011இல் இந்தியாவில் 60 வயது நிறைந்தோர் 10 கோடியைக் கடந்திருந்தனர். பிறவி என்றும் 60 டெசிபெல் என்றும் வகுத்த வரையறைகள் அவற்றின் காலத்தில் வேறு நோக்கங்களுக்காக எழுந்தவை. அவற்றை ஆக்கியோர் முதியோரைப் புறக்கணிக்கத் திட்டமிட்டனர் என்று கூறுவது வரலாறாகாது. ஆனால் ஒரு வரையறை அதன் நோக்கம் தீர்ந்த பின்னும் நீடித்தால், அதற்கு வெளியே நிற்போரின் துன்பம் இயற்கை என்றே தோன்றத் தொடங்கும். ‘வயதானால் அப்படித்தான்’ என்னும் சொல் அன்பாகவும் இருக்கலாம், கைவிடலாகவும் இருக்கலாம்.

பழைய கணக்கெடுப்பு அட்டவணைகளுக்குத் திரும்பினால், 60 வயதுக்கு மேல் எழும் அந்தச் சிறு உயர்வு வேறொன்றைச் சொல்கிறது. யாரோ ஒரு கணக்கெடுப்பாளர், அறிவுறுத்தலை மறந்தோ மீறியோ, தம் முன்னே அமர்ந்திருந்த மூதாட்டிக்குக் காது கேட்கவில்லை என்று வீட்டார் சொன்னதை அப்படியே எழுதிவைத்தார். அறிக்கைகள் அதனைப் பிழை என்றன. இந்திய முதியோரின் செவியைப் பற்றி நாடளாவிய அளவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய சான்று அந்தப் பிழைதான்.